அறுபதாம் கல்யாணத்துக்குப் பாசி வேலை: முகத்தை விடுங்கள், அம்மாவின் கோலத்தை எடுங்கள்

கேள்வி: இன்னும் பத்து வாரத்தில் அப்பாவுக்கு அறுபது நிறைகிறது. அறுபதாம் கல்யாணத்துக்கு அம்மா, அப்பாவின் பழைய கல்யாணப் போட்டோவைப் பாசியால் தைத்து ஃப்ரேம் போட்டுக் கொடுக்க ஆசை. மூன்று மாதம் ஆரி வகுப்புக்குப் போயிருக்கிறேன். சாம்பிளுக்கு ரா சில்க்கில் ஒரு பூ போட்டேன்; துணி சுருங்கிவிட்டது, ஒரு இடத்தில் நூல் அறுந்ததும் வரிசையே உதிர்ந்துவிட்டது. பசை போட்டு ஒட்டச் சொல்கிறார்கள். போட்டோ அனுப்பினால் முழு கிட் அனுப்புகிறோம் என்று ஆன்லைனில் ஒருவர் பாதிப் பணம் முன்பணம் கேட்கிறார். அம்மாவின் கூறைப் புடவையிலிருந்து ஒரு துண்டு எடுத்து அதிலேயே தைக்கலாமா? வீட்டில் நாங்கள் ஏழு பேர்: அம்மா, அப்பா, அண்ணன், அண்ணி, நான், என் கணவர், அண்ணன் மகள்.

பதில்: முன்பணத்தை அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் நினைப்பது 30 x 40 செ.மீ. அளவு என்று வைத்துக்கொள்வோம். கிட்காரர்கள் வழக்கமாகக் கொடுக்கும் கட்டத் துணியில் ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம், கட்டத்துக்கு ஒரு பாசி. அகலத்தில் 165, உயரத்தில் 220, ஆக 36,000க்கு மேல். பழகாத கைக்கு ஒரு மணி நேரத்தில் 250 பாசி போனால் அதிகம். தினமும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் உங்கள் பத்து வாரம் இதற்கே சரியாகிவிடும், பிரித்துத் தைக்க ஒரு நாள்கூட மிஞ்சாது. அதைவிடப் பெரிய சிக்கல் முகம். கல்யாணப் போட்டோவில் இருவரும் முழு உயரத்தில் நிற்பார்கள். இந்த அளவில் ஒரு முகம் 3 செ.மீ. அகலம் வந்தால் பெரிது. 3 செ.மீ.க்கு 16 பாசி. அதில் கண்ணுக்கு இரண்டு, மூக்குக்கு ஒன்று, உதட்டுக்கு மூன்று. அது உங்கள் அம்மா என்று உங்களுக்கே தெரியாது. ஒரு முகம் அடையாளம் தெரிய ஐம்பது, அறுபது கட்ட அகலமாவது வேண்டும். அதாவது முகம் மட்டும் 10 செ.மீ. இந்தக் கணக்கைக் கிட் விற்பவர் சொல்லமாட்டார். கம்ப்யூட்டர் காட்டும் படத்தைச் சின்னதாக்கி போனில் அனுப்புவார்; போன் திரையில் எல்லா முகமும் அழகாகத்தான் இருக்கும்.

அனுப்புகிற பாசியும் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, பிளாஸ்டிக். சில சமயம் பாசியே வராது. பசைத் துணியில் ஒட்டும் சதுரப் பிளாஸ்டிக் துணுக்குகள் வரும். டைமண்ட் பெயின்டிங் என்று விற்பது அதைத்தான். பாதி வேலையில் ஒரு நிறம் தீர்ந்துபோகும், அதற்குத் தனி விலை. விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். பாசி கண்ணாடியா? என்ன நம்பர், அதாவது என்ன அளவு? முடித்த ஒரு வேலையின் மேல் ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோ இருக்கிறதா? மூன்றாவதற்குப் பதில் வராது.

பாசி வேலைக்குக் கைவந்தது கோடு. நிழலும் சதையும் அதற்கு வராது. அதனால் கோடாகவே பிறந்த ஒன்றை எடுங்கள்: உங்கள் அம்மா வாசலில் போடும் சிக்குக் கோலம். புள்ளியும் இழையுமாக அது ஏற்கெனவே பாசி வேலைதான். அவர் கோல நோட்டிலிருந்தோ மார்கழியில் எடுத்த போட்டோவிலிருந்தோ அவர் கையால் போட்டதை எடுங்கள். புத்தகத்துக் கோலம் வேண்டாம். அவர் வளைவு எங்கே கொஞ்சம் சாய்கிறதோ அதைத் திருத்தாமல் அப்படியே எடுங்கள். 7 புள்ளி, ஊடுபுள்ளி (இரண்டு புள்ளிக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி), 4 வரை என்றால் மொத்தம் 37 புள்ளி. நடு வரிசையில் ஏழு. நீங்கள் ஏழு பேர். அந்த ஏழு புள்ளியை மட்டும் வேறு நிறத்தில் வையுங்கள். யாருக்கும் விளக்க வேண்டாம், அம்மா எண்ணிவிடுவார்.

கோலத்தின் கீழே அப்பாவின் கையெழுத்தில் ஒரு வரி. பழைய கடிதம், டைரி, கணக்கு நோட்டு எதுவானாலும் சரி. தமிழ் எழுத்தில் தொல்லை சுழிதான். சுழியின் உள்விட்டம் 6 மி.மீ.க்குக் குறைந்தால் தைத்த பிறகு சுழி அடைந்து ஒரு கட்டியாகத் தெரியும். மூன்று சுழி ண ஒன்றே மூன்றரை செ.மீ. அகலம் கேட்கும். ஏழெட்டு எழுத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி, ஸ்கேல் வைத்துச் சுழியை அளந்து பார்த்துவிட்டுப் பிறகு டிரேஸ் எடுங்கள்.

அளவு: புள்ளிக்குப் புள்ளி 2.5 செ.மீ. வைத்தால் முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை அகலம் 15, உயரம் 13 செ.மீ. எழுத்து வரியும் வெற்றிடமும் சேர்த்து ஃப்ரேமுக்குள் 30 x 30. துணி 50 x 50 வெட்டுங்கள். சுற்றி 10 செ.மீ. இல்லாவிட்டால் ஃப்ரேம் கடைக்காரர் பசையைத்தான் எடுப்பார்.

பாசி நம்பர் கூடக் கூடச் சின்னது. கோல இழைக்கு 11ஆம் நம்பர், எழுத்துக்கு 15, புள்ளிக்கு 6. பாக்கெட்டில் இந்த நம்பரைத் தேடினால் கிடைக்காது. சுகர் பீட்ஸ் என்று மட்டும் சொல்வார்கள். பாசிக் கடையில் வெறும் பிளாஸ்டிக் பையைத்தான் நீட்டுகிறார்கள். நீங்களே அளந்துகொள்ளுங்கள்: 18 பாசியை ஊசியில் கோத்துப் பாருங்கள், ஓர் அங்குலத்துக்கு ஒட்டி வந்தால் அது 11. கோலத்தின் மேல் ஒரு நூலை ஓட்டி நீளத்தை அளந்து, செ.மீ.க்கு 7 பாசி என்று பெருக்குங்கள். 3 மீட்டர் வந்தால் 2,100. கிராமுக்குச் சுமார் 110 என்பதால் 20 கிராமுக்குள் அடங்கும். 30 கிராமாக ஒரே தடவையில், ஒரே கட்டிலிருந்து வாங்குங்கள். பாரிமுனையோ சௌகார்பேட்டையோ, எந்தக் கடையானாலும் அடுத்த மாதம் போனால் அதே நிறம் கிடைக்காது. நம்மூர்ப் பாசியில் தடிமனும் ஒல்லியும் கலந்துதான் வரும். அவற்றைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டுத் தைக்க உட்காருங்கள்.

சாயம் நிற்குமா என்று பார்க்க, பத்துப் பாசியை அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரில் பத்து நிமிடம் போடுங்கள். நிறம் இறங்கினால் வேண்டாம். பிசுபிசுத்து இளகினால் அது பிளாஸ்டிக். கடையிலேயே தெரிய வேண்டுமானால் கன்னத்தில் வையுங்கள், கண்ணாடி சில்லென்று இருக்கும். தங்க முலாம் பாசி மட்டும் வேண்டவே வேண்டாம். தைக்கும்போதே கை வியர்வை பட்டு நாளடைவில் கறுத்துவிடும்.

உங்கள் சாம்பிள் உதிர்ந்ததற்குக் காரணம் ஆரிச் சங்கிலித் தையல். ஒரே நூலில் கண்ணிக்குள் கண்ணியாகப் போகும். ஒன்று அறுந்தால் கடைசிவரை உருவிக்கொண்டு வந்துவிடும். அதோடு வகுப்பில் கொடுக்கும் பளபளப்பான சில்க் த்ரெட் ரேயான். கண்ணாடிப் பாசியின் துளை விளிம்பு அதை அறுத்துவிடும், கட் பீட்ஸ் என்னும் பட்டை வெட்டிய பாசி என்றால் இன்னும் சீக்கிரம். மூன்று மாதத்தில் நூறு டிசைன், கையில் சான்றிதழ் என்று வகுப்பு நடத்துகிறார்கள். நூலை எப்படி முடிப்பது என்று ஒரு நாள் சொல்லிக்கொடுக்க நேரமில்லை. வருத்தமாக இருக்கிறது. உழைப்பு உங்களுடையதல்லவா?

இந்த வேலைக்கு ஆரி ஊசியை எடுத்து வைத்துவிடுங்கள். 15ஆம் நம்பருக்குள் அது நுழையவும் நுழையாது. பாசி ஊசி வாங்குங்கள்: 11 பாசிக்கு 10 அல்லது 11 நம்பர், 15க்கு 12 நம்பர். பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல், ஒரு முறைக்கு 60 செ.மீ., தேன்மெழுகில் ஒரு தடவை இழுத்துக்கொள்ளுங்கள். நான்கு பாசி கோத்து, கோட்டின் மேல் படுக்கவைத்து, ஊசியைக் கீழே இறக்குங்கள். இரண்டாவது பாசிக்கும் மூன்றாவதற்கும் நடுவே மேலே வந்து, மூன்றையும் நான்கையும் மறுபடி ஊடுருவிப் போங்கள். பிறகு அடுத்த நான்கு. வளைவில் இரண்டிரண்டாக. ஒவ்வொரு 3 செ.மீ.க்கும் பின்பக்கம் சின்ன முடிச்சு. இப்படித் தைத்தால் நூல் எங்கே அறுந்தாலும் நாலு பாசிக்கு மேல் போகாது.

இழையும் இழையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பாசி மேல் பாசி ஏறக்கூடாது. ஏறினால் கண்ணாடியில் இடிக்கும். ஓர் இழையை முழுதாக ஓட்டுங்கள். மற்றதை ஒரு பாசி முன்னதாக நிறுத்தி, நூலைத் துணிக்கு அடியில் கொண்டுபோய் அந்தப் பக்கம் தொடருங்கள். அடுத்த சந்திப்பில் மாற்றிச் செய்யுங்கள், ஒன்று மேலே ஒன்று கீழே. அப்போதுதான் சிக்கு சிக்காகத் தெரியும். புள்ளிக்கு 6ஆம் நம்பர் பாசியைத் துளை மேலே பார்க்க நிறுத்தி, தலையில் ஒரு 11ஆம் நம்பர் பாசியைத் தொப்பிபோல் வைத்து, பெரிய பாசியின் துளை வழியாகவே ஊசியைத் திருப்புங்கள். இரண்டு முறை.

துணி சுருங்கியது வேறு கணக்கு. ரா சில்க்கின் அடியில் காடாத் துணி வைத்துத் தைக்க வேண்டும். அந்தக் காடாவை முதலில் துவைத்துச் சுருங்கவிட்டு, இஸ்திரி போட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் இழை நேராக, ஒரே இழுவையில் தையல் ஃப்ரேமில் கட்டுங்கள். விரலால் தட்டினால் மேளம்போல் சத்தம் வர வேண்டும். பாசியை நெருக்கித் திணித்தாலும் துணி அலை அலையாக எழும்பும். பாசிக்குப் பாசி ஒரு மயிரிழை இடம் விடுங்கள். பசை எந்த இடத்திலும் வேண்டாம். பட்டில் ஊறி மஞ்சளாகத் தெரியும், காய்ந்து வெடித்தால் பாசி கொட்டும்.

இனி கூறைப் புடவை. பழைய பட்டில் பாசி தைக்கக்கூடாது என்பதுதான் விதி. மடிப்பு மடிப்பாகப் பெட்டியில் இருந்த பட்டு, மடிப்பு விழுந்த இடத்தில் நூலாக இற்றிருக்கும். ஊசித் துளையே கிழிசலாகும். ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு வழி இருக்கிறது, நிதானமாகச் சொல்கிறேன். புடவையில் உடுத்தும்போது இடுப்பில் செருகும் உள்முனை இருக்கிறதே, அது வெளிச்சம் அதிகம் படாத இடம். அங்கே ஜரிகை இல்லாத பகுதியைச் சோதியுங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசிமுனை ஓட்டைகளோ மெல்லிய கோடுகளோ தெரியக்கூடாது. காதருகே வைத்து மெதுவாகக் கசக்கினால் காய்ந்த இலைபோல் சத்தம் வரக்கூடாது. ஓர் ஓரத்தில் 10 நம்பர் ஊசியால் குத்தி இரு பக்கமும் லேசாக இழுத்தால், துளை நீளக்கூடாது.

மூன்றிலும் தேறினால் உண்டு. ஒன்றில் தவறினாலும் தொடாதீர்கள். தேறிய துண்டையும் தனியாகத் தைக்க முடியாது. அடியில் மெல்லிய மல் துணி வைத்து, 5 செ.மீ. கட்டமாகத் தளர்வான தையல் ஓட்டி இரண்டையும் ஒன்றாக்கி, அதன்பின் காடா. தையல் ஃப்ரேமில் கட்டும்போது இழுவையைக் காடாதான் தாங்க வேண்டும். அதனால் பட்டை 35 x 35 மட்டும் வெட்டி, 50 x 50 காடாவின் நடுவே வையுங்கள். இஸ்திரி போட்டு ஒட்டும் ஃப்யூசிங் வேண்டாம், அதிலும் பசைதான். துண்டைத் துவைக்கவும் வேண்டாம். கல்யாணத்தன்று பட்ட மஞ்சள் கறை இருந்தால் அது அங்கேயே இருக்கட்டும். அம்மாவைக் கேட்காமல் வெட்டாதீர்கள். பரிசு ரகசியமாக இருக்க வேண்டுமென்றால் புதுத் துணியிலேயே தைத்துவிட்டு, புடவைக்கு வந்த ரவிக்கைத் துணியில் மிச்சம் இருந்தால் அதை இரண்டு விரல் அகலக் கரையாகச் சுற்றி வைத்துத் தையுங்கள். கரையில் பாசி வேண்டாம்.

டிரேஸ் எடுக்க மண்ணெண்ணெயில் பொடி குழைத்துத் தேய்ப்பார்கள். வெளிர்நிறப் பட்டில் அது திட்டாகத் தங்கிவிடும். ஊசியால் துளையிட்ட தாளின் மேல் உலர்ந்த சாக்பீஸ் பொடியைத் தட்டி, கூரான பென்சிலால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டால் போதும், பாசி மறைத்துவிடும்.

தையல் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் ஃப்ரேமுக்கு வேண்டும். பாதி வேலைகள் கெடுவது அந்தக் கடையில்தான். அங்கே பீடிங் என்றால் மரச்சட்டம், உங்கள் பாசியைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பழுப்பு அட்டையில் மாவுப் பசை தடவி, துணியை ஒட்டி, கண்ணாடியைப் பாசி மேலேயே அழுத்தி ஆணி அடித்துவிடுவார்கள். பசை பூச்சியைக் கூப்பிடும், பாசி நொறுங்கும். அதனால் துணியை வீட்டிலேயே மவுண்ட் செய்துவிட்டுப் போங்கள். அமிலம் இல்லாத வெள்ளை அட்டையை 30 x 30 வெட்டி, துணியைப் போர்த்தி, பின்பக்கம் எதிரெதிர் ஓரங்களைக் கட்டில் கயிறுபோல் உறுதியான நூலால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுங்கள். கடைக்காரரிடம் கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவே 10 மி.மீ. இடைவெளிச் சட்டம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஆணி அடிக்கும்வரை கூடவே நில்லுங்கள்.

மிச்சப் பாசியில் ஒவ்வொரு நிறத்திலும் இருபது, அதே நூலில் ஒரு மீட்டர், ஓர் ஊசி. மூன்றையும் சின்னக் காகித உறையில் போட்டு ஃப்ரேமின் பின்னால் செருகிவிடுங்கள். என்றாவது ஒரு புள்ளி உதிர்ந்தால் அண்ணன் மகள் எடுத்துத் தைத்துக்கொள்வாள்.