தெருவுக்கொரு தொழில், கைக்கொரு பேட்டை

கேள்வி: பவளக்காரத் தெரு, தங்கசாலை என்று தெருவுக்கொரு தொழிலும் சாதியுமாக ஜார்ஜ் டவுன் அமைந்தது கிழக்கிந்தியக் கம்பெனியார் வகுத்த திட்டமா?
– வாசகி, ராயபுரம்

பதில்: கோடு போட்டவர்கள் கம்பெனியார், போட வைத்தவர்கள் ஊரார். கோட்டைக்கு வடக்கே, இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்த பழைய கறுப்பர் நகரத்தில், கம்பெனியின் துணி ஒப்பந்தத்துக்காகக் கோமுட்டிச் செட்டிகளும் பேரிச் செட்டிகளும் போட்டியிட்டனர். அன்றைய சாதிகள் வலங்கை, இடங்கை என இரு அணிகளாகப் பிரிந்திருந்தன. முன்னவர் வலங்கை, பின்னவர் இடங்கை என்பதால், அந்த வியாபாரப் பகை, யார் வீட்டுக் கல்யாண ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்ற சண்டையாக வெளியே வந்தது. 1652இலேயே ஒருமுறை வெடித்த இந்தப் பூசல் 1707இல் முற்றியபோது, ஆளுநர் தாமஸ் பிட் வலங்கையாருக்குப் பெத்தநாயக்கன்பேட்டையையும் இடங்கையாருக்கு முத்தியால்பேட்டையையும் ஒதுக்கி, எல்லைக் கற்களும் நடச் செய்தார். அதை ஏற்காத வலங்கையார் பலர், படகோட்டிகளும் மீனவரும் வண்ணாரும் உட்பட, சாந்தோமுக்குக் குடிபெயர்ந்தனர். துறைமுகமே இல்லாத அன்றைய சென்னையில், தொலைவில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கொண்டுசெல்ல மசூலாப் படகை விட்டால் வேறு வழியில்லை. துணியை வெளுக்கவும் ஆள் வேண்டும். செட்டிகளின் கோபத்தைவிட, ஆளற்றுக் கிடந்த படகுகளே கம்பெனியாரைச் சமரசத்துக்கு இழுத்தன என்பது என் கணிப்பு.

1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் பழைய நகரத்தின் பெரும்பகுதியை இடித்தனர். ஊரை மீட்ட ஆங்கிலேயர், கோட்டைப் பீரங்கிகளுக்கு மறைப்பாகும் என்று எஞ்சியதையும் அகற்றவே, குடிகள் இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் அந்த இரு பேட்டைகளிலும் நெருங்கினர். வெட்டவெளியில் யாரும் வீடு கட்டக் கூடாதென்று 1773இல் நட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. பேருந்துக்கு ஓடுவோர் அதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பவளம் மட்டும் தனிக்கதை: மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொண்டுவந்து, கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகரின் தடம் அது.

கேள்வி: போலீஸ் தோன்றுமுன் இரவில் ஊரைக் காத்தவர் யார்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: பெத்த நாயக்கர். கிராமத்துத் தலையாரி முறையையே கம்பெனியார் நகரத்துக்கும் வைத்துக்கொண்டனர். பரம்பரையாக வந்த இந்தப் பொறுப்புக்கு மானிய வயல்களும், ஊருக்குள் வரும் நெல், மீன், எண்ணெய், பாக்கு ஆகியவற்றின் மீது சிறு தீர்வையும் ஊதியம். களவு போன பொருளைக் கண்டுபிடிக்க இயலாவிட்டால், பறிகொடுத்தவருக்கு நாயக்கரே கைப்பணத்திலிருந்து ஈடு கட்ட வேண்டும்.