குழு மடல் எங்கே தங்கிவிடுகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டிச் சங்கங்களும் தொண்டூழியர் குழுக்களும், ஒரே முகவரிக்கு எழுதினால் உறுப்பினர் அனைவருக்கும் போய்ச் சேரும் குழு மின்னஞ்சல் வழியாக, அறிவிப்பு மடல்களை மும்முரமாக அனுப்புகின்றன. அதனால் மடல் பிந்துவதைப் பற்றிய கேள்விகளும் இந்தச் சமயத்தில் கூடிவிடுகின்றன. எல்லாரும் ஒரே குறையைச் சொன்னாலும் காரணங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்பதால், சில கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் குழு முகவரிக்குச் செயலாளர் காலை ஒன்பது மணிக்கு அனுப்பிய மடல், எனக்குப் பன்னிரண்டு மணி நெருங்கும்போதுதான் கிடைத்தது. பழுது இணைப்பிலா சர்வரிலா என்று எப்படிக் கண்டறிவது? (பிடோக் வாசகர்)

பதில்: ஊகிக்கத் தேவையில்லை, மடலே சொல்லிவிடும். ஜிமெயிலில் மடலைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் உள்ள ‘ஷோ ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால், மடலின் முழுத் தலைப்பகுதியும் தெரியும். அதன் உச்சியில் ‘இத்தனை விநாடிக்குப் பிறகு சேர்ந்தது’ என்று ஜிமெயில் காட்டும் கணக்கு மொத்தத் தாமதத்தை மட்டுமே கூறுமாதலால், அதோடு நின்றுவிடக் கூடாது. கீழே ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் பல வரிகளைக் காண்பீர்கள். மடலை வாங்கும் ஒவ்வொரு சர்வரும், தான் வாங்கிய நேரத்தைக் குறித்து, ஏற்கெனவே உள்ள வரிகளுக்கு மேலே தன் வரியைச் சேர்க்கிறது. ஆகவே அவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்.

நேரங்களை ஒப்பிடுமுன் நேர மண்டலத்தைக் கவனியுங்கள். நேரத்துக்குப் பின் வரும் +0800 போன்ற எண், அந்த நேரம் உலகப் பொது நேரத்தைவிட எத்தனை மணி முந்தியது அல்லது பிந்தியது என்பதைக் காட்டும்; +0800 என்பது சிங்கப்பூர் நேரம். பலர் தடுமாறும் இடம் இதுதான். உதாரணமாக, அடிவரியில் 09:02 +0800 என்றும், அதற்கு மேல் குழுவின் சர்வர் வாங்கிய வரியில் 01:02 +0000 என்றும், அடுத்து அதே சர்வர் குழுவின் மென்பொருளிடமிருந்து மடலை வெளியே அனுப்புவதற்காகத் திரும்ப வாங்கிய வரியில் 03:41 +0000 என்றும், உச்சியில் ஜிமெயில் வாங்கிய வரியில் முந்தைய நாள் தேதியுடன் 20:41 -0700 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்குக் குழப்பமாக இருந்தாலும், எல்லாவற்றையும் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றினால் முறையே 9:02, 9:02, 11:41, 11:41 என்று வரும். இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இடையில்தான் மடல் இரண்டே முக்கால் மணி நேரம் போலத் தங்கியிருக்கிறது. அதாவது குழுவின் மென்பொருளுக்குள் அது காத்திருந்தது. பெரும்பாலும் மட்டுறுத்துநரின், அதாவது மடல்களைப் பார்த்து அனுமதிக்கும் பொறுப்பாளரின், ஒப்புதலுக்காக இருக்கும். இதற்கு இணையச் சேவை நிறுவனத்தை அழைத்துப் பயனில்லை.

இடைவெளி மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் இடையில் இருந்தால், குழுவின் சர்வர் அனுப்ப முயன்றும் பெறும் சர்வர் உடனே ஏற்கவில்லை என்று பொருள். மடல் எழுதி அனுப்பப்பட்ட நேரத்தைக் காட்டும் ‘டேட்’ வரிக்கும் அடியிலுள்ள முதல் ‘ரிசீவ்ட்’ வரிக்கும் இடையில் இருந்தால், மடல் அனுப்பியவரின் கைப்பேசியிலேயே, இணைப்பு இல்லாமல் ‘அவுட்பாக்ஸில்’ கிடந்திருக்கலாம். அல்லது அவருடைய கணினியின் கடிகாரம் பிசகியிருக்கலாம். சர்வர்களின் கடிகாரங்களும் சில விநாடிகள் முன்பின்னாக இருப்பதுண்டு. ஒரு மடல் அனுப்பப்படுவதற்கு இரண்டு விநாடி முன்பே சேர்ந்ததாகக் கணக்கு வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

கேள்வி: புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினரின் அலுவலக முகவரிக்கு முதல் மடல் மட்டும் வெகுநேரம் கழித்துச் சேர்ந்தது. அடுத்தடுத்த மடல்கள் உடனே போகின்றன. நாங்கள் எதையும் மாற்றவில்லையே? (செங்காங் வாசகர்)

பதில்: மாற்ற வேண்டியதும் இல்லை. இது ‘கிரேலிஸ்டிங்’ எனப்படும் எரிதமடல் (ஸ்பேம்) தடுப்பு முறையின் அடையாளம். முன்பின் அறியாத சர்வர், அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி ஆகிய மூன்றும் சேர்ந்து முதன்முறை வரும்போது, பெறும் சர்வர் 451 போன்றதொரு தற்காலிக மறுப்பைத் தந்து ‘பிறகு வா’ என்று திருப்பிவிடும். முறையான சர்வர் மறுபடியும் முயலும். அவசரமாக அள்ளித் தெளிக்கும் எரிதமடல் மென்பொருள்களில் பல முயல்வதில்லை. இந்த வேறுபாட்டை நம்பியே முறை இயங்குகிறது.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அனுப்பும் சர்வரின் மறுமுயற்சி இடைவெளி தீர்மானிக்கிறது. மின்னஞ்சல் நெறிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5321, பொதுவாகக் குறைந்தது 30 நிமிட இடைவெளியைப் பரிந்துரைக்கிறது. பல சர்வர்களில் மடல் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளோ இயல்பு அமைப்பில் 300 விநாடியில் தொடங்கி 4,000 விநாடி வரை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். இதற்கிடையே ‘மடல் இன்னும் சேரவில்லை, தொடர்ந்து முயல்கிறோம்’ என்ற அறிவிப்பு வந்தால், அது தோல்விச் செய்தி அன்று. போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள்வரை முயன்ற பிறகே கைவிடும். பதற்றத்தில் மடலை மறுபடி அனுப்பினால், கடைசியில் இரண்டு படிகளும் போய்ச் சேரும்.

கேள்வி: நானூறு பேருக்கு மேற்பட்ட குழு எங்களுடையது, வாடகைக்கு எடுத்த சொந்த சர்வரிலிருந்து அனுப்புகிறோம். ஜிமெயில் உறுப்பினர்களுக்கு மட்டும் மணிக்கணக்கில் தாமதமாகிறது. ‘சர்வர் மெதுவாக இருக்கிறது, அதிகக் கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள்’ என்கிறார் தொழில்நுட்பர். (ஜூரோங் வாசகர்)

பதில்: காசைச் செலவழிக்குமுன் சர்வரின் அனுப்பு வரிசைப் பதிவைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நானூறு மடல் என்பது மிகச் சாதாரண சர்வருக்கும் சுமையே இல்லை. ஒரே சேவையின் பயனர்களுக்கு மட்டும் தாமதம் என்றால், அந்தச் சேவை உங்களை வேண்டுமென்றே மட்டுப்படுத்துகிறது என்றே நான் முதலில் ஐயுறுவேன். பதிவில் 421 அல்லது 450 போன்ற, 4 என்ற எண்ணில் தொடங்கும் பதில்கள் வரிசையாக இருந்தால் ஐயம் உறுதியாகிவிடும். 4 என்றால் ‘இப்போது இல்லை’. 5 என்றால் ‘ஒருபோதும் இல்லை’. அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே காரணமும் ஒரு வாக்கியத்தில் எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை என்பதே என் நீண்டகால மனக்குறை.

பெரிய சேவைகள் மட்டுப்படுத்துவதற்குப் பொதுவான காரணம், அனுப்புபவர் யார் என்பதற்குச் சான்று போதாமை. எஸ்பிஎஃப் என்பது எந்தெந்த சர்வர்கள் உங்கள் டொமைன் பெயரில் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) அனுப்பலாம் என்ற பட்டியல். டிகிம் என்பது மடலில் இடப்படும் மின்னொப்பம். இவை பொருந்தாத மடலை என்ன செய்ய வேண்டும் என்று டொமைன் உரிமையாளர் அறிவிப்பது டிமார்க். கூகலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் இவற்றைக் கண்டிப்பாக்கின. நாளொன்றுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புவோருக்கு மூன்றும் வேண்டும். உங்களைப் போன்ற சிறு குழுவுக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றேனும் வேண்டும். சர்வரின் ஐபி முகவரியைத் தேடினால் அதன் பெயர் திரும்பக் கிடைக்கும்படி தலைகீழ்ப் பதிவும் இருக்க வேண்டும். வாடகை சர்வர்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்தக் கடைசி அம்சம்தான்.

குழு மடலுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. உறுப்பினர் எழுதிய மடலின் தலைப்பில் குழுவின் பெயரையும் அடியில் விலகும் வழியையும் மென்பொருள் சேர்க்கும்போது, மூல மடலின் மின்னொப்பம் முறிந்துவிடுகிறது. 2014 ஏப்ரலில் யாகூ தன் டிமார்க் கொள்கையை ‘நிராகரி’ என்று மாற்றியதும், யாகூ உறுப்பினர்கள் எழுதிய மடல்கள் உலகெங்கும் குழுக்களில் திருப்பி அனுப்பப்பட்டது இதனால்தான். அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியையே காட்டும் வசதி மெயில்மேன் போன்ற மென்பொருள்களில் இருக்கிறது. அதை இயக்கி, வெளியே போகும் மடலில் குழுவின் சொந்த டிகிம் ஒப்பத்தை இடுங்கள். ஆனால் டிமார்க் தோல்வி பெரும்பாலும் நிராகரிப்பிலோ எரிதமடல் பெட்டியிலோ முடியுமே தவிர, தாமதத்தில் முடிவது குறைவு. ஆகவே பதிவிலுள்ள காரணத்தைப் படித்த பிறகே எதைச் சரிசெய்வது என்று முடிவெடுங்கள்.

கேள்வி: ஜிமெயிலிலிருந்து குழுவுக்கு எழுதுகிறேன். மற்றவர்கள் மறுமொழி எழுதுகிறார்கள். என் மடல் மட்டும் எனக்குத் திரும்பி வருவதே இல்லை. (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: உங்கள் மடல் தாமதமாகவும் இல்லை, தொலையவும் இல்லை. குழு வழியாகத் திரும்பி வரும் படியின் அடையாள எண், நீங்கள் அனுப்பிய படியின் எண்ணேதான் என்பதால், ஜிமெயில் இரண்டையும் ஒன்றாகக் கருதி அனுப்பியவற்றில் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்கிறது. குழு ஏற்றதா என்று உறுதி வேண்டுமானால், குழுவின் ஆவணக் காப்பகத்தில் பாருங்கள்.

கேள்வி: வெறும் எழுத்து மடல்கள் உடனே போகின்றன. நிகழ்ச்சிச் சுவரொட்டியை இணைத்தால் அரை நாள் ஆகிறது. (அங் மோ கியோ வாசகர்)

பதில்: அளவு வரம்பு. மெயில்மேனின் இயல்பு அமைப்பில் 40 கிலோபைட்டைத் தாண்டும் மடல் மட்டுறுத்துநருக்காக நிறுத்திவைக்கப்படும். இணைத்த கோப்புகள் அனுப்புவதற்காக வெறும் எழுத்துகளாக மாற்றப்படும்போது மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடுவதால், 32 கிலோபைட் படம்கூட வரம்பைத் தாண்டிவிடும். இக்காலச் சுவரொட்டிகளோ மெகாபைட் கணக்கில் இருக்கின்றன. வரம்பை உயர்த்தச் சொல்லலாம். படத்தைச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றி, மடலில் இணைப்பு முகவரியை மட்டும் தருவது அதைவிட நல்லது; தேதி, இடம், நேரம் ஆகியவற்றை எழுத்தாகவும் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் மட்டும் தகவல் இருக்கும் மடலைக் கைப்பேசியில் தேடி எடுக்கவும் முடியாது.

குழு முகவரியை மறைநகல் (பிசிசி) பெறுநர் இடத்தில் போட்டாலும், பதிவு செய்யாத வேறொரு முகவரியிலிருந்து எழுதினாலும் இதே போல் நிறுத்தப்படும். நாள்தோறும் ஒரே தொகுப்பாக மடல் பெறும் தெரிவை உறுப்பினர் எடுத்திருந்தால், அவருக்கு மட்டும் எல்லாமே பிந்தித்தான் வரும்.

கேள்வி: கணினியில் உடனே தெரியும் மடல், ஐஃபோனில் மாலையில்தான் தெரிகிறது. (ஈசூன் வாசகர்)

பதில்: ஐஃபோனின் சொந்த மெயில் செயலி ஜிமெயில் கணக்கைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் மட்டுமே போய்ப் பார்க்கும். அந்த இடைவெளி ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருந்தால், மின்னூட்டமும் வைஃபையும் இருக்கும்போதுதான் பின்னணியில் பார்க்கும். அமைப்பில் 15 நிமிடம் என்று மாற்றுங்கள், அல்லது ஜிமெயிலின் சொந்தச் செயலியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: தாமதமாகவேனும் வந்துகொண்டிருந்த மடல்கள் சில உறுப்பினர்களுக்கு அடியோடு நின்றுவிட்டன. பட்டியலில் பெயர் இருக்கிறது. (கிளமெண்டி வாசகர்)

பதில்: பெயர் இருக்கும், விநியோகம் முடக்கப்பட்டிருக்கும். பெட்டி நிரம்பியோ வேறு காரணத்தாலோ மடல்கள் திரும்பி வரும்போது, மெயில்மேன் அந்த உறுப்பினருக்கு நாளொன்றுக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும். தற்காலிகத் தடங்கலுக்கு அரைப் புள்ளி. இயல்பு அமைப்பில் 5 புள்ளி சேர்ந்ததும் அவருக்கு மடல் போவது நிறுத்தப்படும். உறுப்பினர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே உள்ள முடக்கக் குறியை எடுத்துவிட்டால் மறுபடி போகத் தொடங்கும். ஆனால் முதலில் அவரைத் தொலைபேசியில் அழைத்து, பெட்டியில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரமே மறுபடியும் முடங்கும். ஒரே சேவையைச் சேர்ந்த பலர் ஒரே நாளில் முடங்கியிருந்தால் அவர்களைக் கேட்டுப் பயனில்லை. அது மேலே ஜூரோங் வாசகருக்குச் சொன்ன டிமார்க் நிராகரிப்பாக இருக்கக்கூடும். திரும்பி வந்த மடல் ஒன்றில் 5 என்று தொடங்கும் வரியைத் தேடிப் படியுங்கள்.