கணினி அறிவியல் பட்டப்படிப்பு: கேள்வி பதில்

பொறியியல் கல்லூரியிலும் கலை அறிவியல் கல்லூரியிலுமாகப் பதினெட்டு ஆண்டுகள் கணினி அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில், வந்திருக்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் பிளஸ் டூவில் கணினி அறிவியலில் 99 வாங்கியிருக்கிறாள். கணிதத்தில் 81, இயற்பியலில் 84, வேதியியலில் 90. பொறியியல் கலந்தாய்வில் அந்த 99 உதவுமா? (விருதுநகரிலிருந்து ஒரு தந்தை)

பதில்: பெரிதாக உதவாது, ஐயா. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வின் கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. உங்கள் மகளுக்கு 81, 42, 45 சேர்ந்து 168 வரும். கணினி அறிவியல் மதிப்பெண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. விரும்பிய கல்லூரி கிடைக்காவிட்டால், ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டுக்குப் பணம் கட்டுவதைவிட, நல்ல கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணினி அறிவியல் சேர்ப்பதையே நான் சொல்வேன். அதை முடித்து டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ. சேரலாம், 2020-21 முதல் அது இரண்டாண்டுப் படிப்பு. ஆக மொத்தம் ஐந்து ஆண்டுகள், பி.இ.யைவிட ஓராண்டு கூடுதல் என்றாலும் கையில் முதுநிலைப் பட்டம் இருக்கும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். வகுப்பில் பாதி புரியவில்லை. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. (முதலாமாண்டு மாணவி, பி.இ.)

பதில்: விட வேண்டாம், அம்மா. இந்தப் பாடத்தின் ஆங்கிலம் குறுகிய ஆங்கிலம். சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பாடத்தை முதலில் தமிழில் உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். 'கியூ' என்றால் ரேஷன் கடை வரிசை, முதலில் வந்தவர் முதலில் போவார். 'ஸ்டாக்' என்றால் கழுவி அடுக்கிய தட்டுகள், கடைசியில் வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். கருத்து பிடிபட்ட பிறகு அதையே நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதிப் பழகினால் தேர்வுக்குப் போதும். என் வகுப்பில் சரளமாக ஆங்கிலம் பேசிய பலர், நினைவக முகவரியைத் தாங்கும் பாயின்டரில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

கேள்வி: வேலைக்குப் பைத்தான்தான் கேட்கிறார்கள். கல்லூரியில் ஏன் இன்னும் சி மொழியைப் பிடித்துத் தொங்குகிறார்கள்? (முதலாமாண்டு மாணவர்)

பதில்: பைத்தான் உங்களிடமிருந்து மறைத்து வைப்பதை, அதாவது நினைவகத்தை, சி மொழி கண்ணெதிரே காட்டுகிறது. லிங்க்டு லிஸ்ட் என்பது ஒவ்வொரு கண்ணியும் (நோடு) ஒரு மதிப்போடு அடுத்த கண்ணியின் முகவரியையும் வைத்திருக்கும் சங்கிலி. 10, 20 என்று இரண்டு நோடுகள் உள்ள அப்படிப்பட்ட ஒன்றில், இடையில் 15-ஐச் செருக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 15-இன் பாயின்டரில் 20-இன் முகவரியை எழுதிவிட்டு, அதன் பிறகே 10-இன் பாயின்டரை 15-க்குத் திருப்ப வேண்டும். வரிசையை மாற்றி, 10-ஐ முதலில் திருப்பிவிட்டு, 'இப்போது 10 காட்டும் முகவரியை 15-க்குக் கொடு' என்றால், 15 தன்னையே காட்டிக்கொள்ளும். அச்சிடச் சொன்னால் 10, 15, 15, 15 என்று நிரல் ஓயாமல் ஓடும். 20 இருக்கும் இடத்துக்குப் போக வழியே இருக்காது. இந்தப் பிழையை ஒருமுறை தாளில் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து கண்டுபிடித்தவருக்குப் பைத்தான் ஒரு மாதத்தில் வந்துவிடும். லேபுக்கு வரும் முன்பே ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டை எழுதிக்கொண்டு வருபவருக்கு எந்த மொழியும் வராது. அப்படிப்பட்டவர்களுக்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அது என் தவறு.

கேள்வி: டிஸ்கிரீட் மேத்ஸில் இரண்டு அரியர். நிரல் எழுதுபவனுக்கு இது எதற்கு? (இரண்டாமாண்டு மாணவர்)

பதில்: ரிகர்ஷன், அதாவது ஒரு நிரல் தன்னையே அழைப்பது, உங்களுக்குத் தெரியும் என்றால் அந்தப் பாடத்தில் வரும் கணிதத் தொகுத்தறிதலில் பாதி தெரியும், தம்பி. முதல் எண்ணுக்கு நிறுவிவிட்டு, ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அடுத்ததற்குப் போகும் நிரூபண முறை அது. ஃபேக்டோரியல் நிரலில் 'எண் பூஜ்யம் என்றால் 1-ஐத் திருப்பு' என்று எழுதுகிறீர்கள் அல்லவா? தொகுத்தறிதலின் முதல் படி அதுதான். 'முந்தைய எண்ணின் விடையை இந்த எண்ணால் பெருக்கு' என்பது இரண்டாம் படி. முதல் படியை விட்டால் தேர்வில் மதிப்பெண் போகும், நிரலில் ஸ்டாக் நிரம்பி வழியும். இந்தக் கண்ணோடு அந்த அலகை மட்டும் முதலில் படித்துவிட்டு, பிறகு கிராஃப் அலகுக்குப் போங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது நான்கு ஆண்டுகள் இதைப் படிக்க வேண்டுமா? (பிளஸ் டூ மாணவர்)

பதில்: எழுதித் தரும், அது சரியா என்று பார்ப்பது யார்? வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பாதி பாதியாகப் பிரித்துத் தேடுவது பைனரி சர்ச். ஜாவா மொழியின் நூலகத்திலிருந்த அந்த நிரலில், நடு இடத்தைக் காண இரு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். பள்ளிக் கணக்குப்படி அதில் குற்றமில்லை. ஆனால் 32 பிட் முழு எண்ணில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647-க்கு மேல் கொள்ளாது. மிகப் பெரிய பட்டியலில் கூட்டுத்தொகை அதைத் தாண்டி எதிர்மறை எண்ணாகிவிடும். அந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. 2006-இல்தான், அந்த நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் அதைப் பற்றி எழுதினார். எல்லைகளின் வித்தியாசத்தில் பாதியைக் கீழ் எல்லையோடு கூட்டினால் சிக்கல் தீரும். இதைக் கண்டுபிடிக்க எண் முறையும் கணினி அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டுமே பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளில் வரும் பாடங்கள்.

கேள்வி: என்ன லேப்டாப் வாங்குவது?

பதில்: எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகம் கட்டாயம். 8 ஜிபி ரேம் ஓட்டிவிடும். 16 இருந்தால் நிம்மதி. தனி கிராஃபிக்ஸ் கார்டு முதல் இரண்டு ஆண்டுகளுக்கு விளையாட்டுக்குத்தான் பயன்படும்.