குப்பை வேலையும் மாமனாரும்

அன்புள்ள அக்காவுக்கு,

கோவையில் பி.எஸ்சி. வேளாண்மை முடித்தேன். கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவில் டர்பன் வந்து சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வெருலம் பக்கம் குப்பையை உரமாக்கும் ஒரு தனியார் கம்போஸ்ட் யார்டில் தர மேற்பார்வையாளர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கணவருக்குச் சம்மதம். மாமனார்தான் பிடிவாதமாக வேண்டாம் என்கிறார். அவருடைய தாத்தா கார்ப்பரேஷனில் குப்பை அள்ளியவராம். "அதிலிருந்து வெளியே வர எங்களுக்கு மூணு தலைமுறை ஆச்சு. நீ டிகிரி வாங்கிட்டு மறுபடி அங்கேயே போறியா?" என்று பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகக் கேட்டார். இயற்கை உரத்தின் அருமையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? வேலைக்குப் போகலாமா? சின்ன வயதில் வீசிங் இருந்தது, இப்போது இல்லை. இந்தியப் பட்டம் இங்கே செல்லுமா?

ச., சாட்ஸ்வர்த்

அன்புள்ள ச.,

உங்கள் மாமனாருக்கு உரத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாட்ஸ்வர்த்தில் அந்த வயதுக்காரர்களின் வீட்டுக் கொல்லையைப் பாருங்கள். கறிவேப்பிலை மரம், மிளகாய்ச் செடி, வேலியில் படர்ந்த அவரை எல்லாம் இருக்கும். சமையலறைக் கழிவு எங்கே போகிறது என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் பேசுவது உரத்தைப் பற்றியே இல்லை.

1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள் என்பது பள்ளிக்கூடத்தில் படிக்கிற கதை. டர்பன் கார்ப்பரேஷனுக்கு வேலை செய்தவர்களின் கதை அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. அவர்களை மேகசின் பாரக்ஸ் என்ற குடியிருப்பில் வைத்திருந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள், தெலுங்கர்கள். தெருக் கூட்டுவது, குப்பை அள்ளுவது, புல் வெட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. குடியிருந்த வீடும் அந்த வேலையை நம்பித்தான். 1960-களில் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி அவர்களையும் கிளப்பி, புதிதாகக் கட்டிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். உங்கள் மாமனாருக்கு அப்போது என்ன வயதிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் 'குப்பையே தங்கம், மண்ணே தாய்' என்று அவரிடம் பேசாதீர்கள். எடுபடாது, எடுபடவும் கூடாது. அவருடைய தாத்தாவுக்கு இழிவு வாழைத்தோலிலிருந்து வரவில்லை. வேறு வேலைக்குப் போக வழியில்லாமல் வைத்திருந்தார்களே, கூலியும் கூரையும் ஒரே கையில் இருந்ததே, அங்கிருந்து வந்தது. அவருடைய கேள்வியை நீங்கள் அந்த யார்டுக்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்வியாக மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே கடைசிப் படியில் நிற்கும் ஆளை எப்படி வைத்திருக்கிறார்கள்?

நேர்முகத்துக்குப் போகும்போது ஆபீஸ் அறையிலேயே உட்கார்ந்திருக்காமல் யார்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள் கையில் என்ன கையுறை இருக்கிறது, கை கழுவத் தண்ணீர் எங்கே, சாப்பிட உட்காரும் இடம் குவியலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அவர்களுக்கு யார் சம்பளம் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். லேபர் புரோக்கர் மூலம் ஆள் எடுப்பது இந்தத் தொழிலில் சகஜம். குறைந்த சம்பளக்காரர்களை மூன்று மாதத்துக்கு மேல் அப்படி வைத்திருந்தால், யாரிடம் வேலை செய்கிறார்களோ அந்த நிறுவனமே தொழிலாளர் உறவுச் சட்டப்படி முதலாளி என்று 2018-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேனேஜருக்கு இது தெரிந்திருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள், நீங்கள் சட்டம் பேச வேண்டாம். அரசாங்கமே இதில் யோக்கியம் இல்லை என்பது வேறு விஷயம். 2019-ல் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 20 ராண்ட் என்று வைத்தபோது, பொதுப்பணித் திட்டத்தில் தெருவைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு 11 ராண்ட் போதும் என்று வைத்தார்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

சரி, இனி வேலைக்கு வருகிறேன்.

2021-ல் இங்கே அங்ககக் கழிவு, அதாவது மக்கும் கழிவு, உரமாக்கலுக்கென்று தேசிய விதிமுறை வந்தது. நாளொன்றுக்கு 10 டன்னுக்கு மேல் கையாளும் யார்டுகள் அதன்படி நடக்க வேண்டும். கேப் டவுன் இருக்கும் மேற்கு கேப் மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போய், 2027-க்குள் அங்ககக் கழிவு எதுவும் குப்பைக் கிடங்குக்குப் போகக் கூடாது என்று இலக்கு வைத்திருக்கிறது. உங்களைப் போல் படித்தவர்களைத் தேடுவதில் இதற்கெல்லாம் பங்கு உண்டு. குவியலின் சூட்டையும் ஈரத்தையும் எழுதி வைக்க ஆள் வேண்டுமே.

கம்பு போல நீளமான தெர்மாமீட்டரைக் குவியலின் வயிற்றில் சொருகி நிற்பதில்தான் உங்கள் காலைப் பொழுது போகும். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். 70-ஐத் தாண்டினால் வேலை செய்கிற நுண்ணுயிரும் சாகும், சில சமயம் குவியல் தானே புகையும். அள்ளிப் போடுகிற லோடர் வண்டியை வரவழைத்துப் புரட்டச் சொல்வது அப்போது உங்கள் முடிவு. ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் காற்று போகாது, அழுகின முட்டை வாடை வரும். மூக்கைக் குத்துகிற அமோனியா வாடை வந்தால் பச்சைக் கழிவு அதிகம், மரத்தூளோ சிராயோ சேர்க்க வேண்டும். கார்பனும் நைட்ரஜனும் முப்பதுக்கு ஒன்று என்று கோவையில் பரீட்சைக்கு எழுதியிருப்பீர்கள். டர்பன் ஜனவரி மழையில் அந்தக் கணக்கு எப்படிக் கரைந்து போகிறது என்று யார்டில்தான் தெரியும்.

இன்னொன்று பிளாஸ்டிக். கம்போஸ்டின் விலையைக் கெடுப்பது பெரும்பாலும் பெரிய பை அல்ல. ஆப்பிளில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர், கொத்துமல்லிக் கட்டின் ரப்பர் பேண்ட், கறி தட்டு மேல் இருக்கும் மெல்லிய ஃபிலிம், இவைதான். சல்லடையில் நிற்காது. முடிந்த உரத்தில் மினுமினுவென்று தெரியும், நர்சரிக்காரர் பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார். இதை யார்டில் சரிசெய்ய முடியாது, கழிவு கிளம்புகிற இடத்தில்தான் முடியும். டர்பன் வாரிக் ஜங்ஷன் ஏர்லி மார்னிங் மார்க்கெட் கழிவை வைத்து கிரவுண்ட்வொர்க் என்ற சுற்றுச்சூழல் அமைப்பும் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் செய்த முயற்சியில் எனக்குப் பிடித்தது அதுதான். வியாபாரிகளிடமே போய், கோஸ் இலையையும் சோளத்தோலையும் தனியாக வாங்கி, பக்கத்திலேயே பொட்டானிக் கார்டனில் உரமாக்கினார்கள். அந்த மார்க்கெட் நம் தோட்டக்காரக் குடும்பங்கள் கூடை வைத்து விற்ற இடம், 1934-லிருந்து அங்கே இருக்கிறது. 2009-ல் மால் கட்டுவதற்காக இடிக்கப் பார்த்ததும், வியாபாரிகள் விடாமல் நின்றதும் உங்கள் மாமனாருக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். ஒரு சனிக்கிழமை அவரோடு அங்கே போய்க் காய் வாங்கிக்கொண்டு வாருங்கள்.

அவரிடம் பிசாசர் ரோடு என்று சொன்னாலும் போதும். கிளேர் எஸ்டேட்டில் இந்தியர் வீடுகளுக்கு நடுவே 1980-ல் திறந்த குப்பைக் கிடங்கு. அதை மூடச் சொல்லிப் போராடிய சஜிதா கான் 2007-ல் புற்றுநோயில் இறந்தார். அங்கே குழாய் போட்டு மீத்தேன் எடுத்து மின்சாரம் தயாரித்ததை நகராட்சி பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அந்த மீத்தேன், சாப்பாட்டுக் கழிவையும் இலைதழையையும் காற்றில்லாமல் புதைத்ததால் வந்தது. அதே கழிவைப் புதைக்காமல் புரட்டிப் புரட்டிக் காற்றுக் கொடுக்கிற வேலைக்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மாமனார் இல்லை, போகிற போக்கில் எழுதிய அந்த வீசிங். கம்போஸ்ட் குவியலைப் புரட்டும்போது எழும் ஆவியில் தூசி மட்டும் இல்லை, பூஞ்சை வித்துகளும் இருக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்கிற பூஞ்சைக்குச் சூடான குவியல் சொர்க்கம். நல்ல உடம்புக்காரர்களைப் பெரும்பாலும் அது ஒன்றும் செய்யாது. ஆஸ்துமா இருந்தவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் போய், எந்த வேலை என்று சொல்லி, ஊதிப் பார்க்கிற நுரையீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த அளவு கையில் இருந்தால், பின்னால் குறைகிறதா என்று பார்க்கலாம். புரட்டும்போதும் சலிக்கும்போதும் காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள், முகத்தோடு ஒட்டுகிற என்95 வகை மாஸ்க் போடுங்கள். துணி மாஸ்க் இதற்கு உதவாது. லோடரின் கேபின் கண்ணாடி மூடியபடி ஏசி ஓடுகிறதா என்பதையும் அந்த யார்டைச் சுற்றும்போதே பார்த்துவிடுங்கள். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம். இதே துறையில் ஆய்வகம், விற்பனை, விவசாயிகளுக்கு ஆலோசனை என்று குவியலை விட்டுத் தள்ளியிருக்கும் வேலைகளும் உண்டு.

டாக்டர் சரியென்று சொல்லி, யார்டும் நான் சொன்ன மாதிரி இருந்தால் போங்கள். மாமனார் உடனே சம்மதிக்காவிட்டாலும் பரவாயில்லை. முதல் மாதம் கழித்து, அங்கே பொறுக்குகிறவர்களுக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்று அவரே உங்களிடம் கேட்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது சொல்லக் கூசாத பதில் இருக்க வேண்டும்.

பட்டம் பற்றி: இந்தியப் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்காவிடம் அனுப்பி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியலையும் சேர்த்தே அனுப்புங்கள், பாதி தாமதம் அதை அனுப்பாததால்தான். அப்புறம் உங்கள் விசாவைப் பாருங்கள். கணவரைச் சார்ந்து வந்த விசா என்றால், வேலை செய்ய அனுமதி அதில் தனியாகக் குறித்திருக்க வேண்டும். அதற்கு யார்டுக்காரர் தரும் வேலைக் கடிதம் தேவைப்படும். இரண்டுக்கும் நாளாகும், எனவே சேரும் தேதியைக் கொஞ்சம் தள்ளியே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா