எஸ்ஜிபிடி இரண்டு லேபில் இரண்டு விதமாக வந்தால் எதை நம்புவது?

ஈரலின் நிலையை அறியப் பார்க்கும் எஸ்ஜிபிடி என்ற நொதி ஒரு லேபில் 38, இரண்டு நாள் கழித்து வேறொரு லேபில் 49, யார் தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம். நான் பயோகெமிஸ்ட்ரி லேபில் வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

சர்க்கரையில் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறோம். நொதி என்பது உடலில் வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் புரதம். அதில் அப்படியில்லை, அது எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்றுதான் அளக்கிறோம். எஸ்ஜிபிடி டெஸ்டில் என்ஏடிஎச் என்ற வேதிப்பொருள் தீரத் தீர 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவது குறையும். அந்த வேகத்தைத்தான் மெஷின் யூனிட்டாக மாற்றுகிறது. அதனால் சூடு மாறினால் எண்ணும் மாறும். இப்போது பெரும்பாலும் 37 டிகிரிதான். அதே சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்) 25 டிகிரியில் ஓட்டினால் ஏறக்குறைய பாதிதான் காட்டும்.

அடுத்தது ரீஏஜென்ட், அதாவது டெஸ்டுக்காகக் கலக்கும் வேதிப்பொருள். எஸ்ஜிபிடி வேலை செய்ய வைட்டமின் பி6-இலிருந்து வரும் பைரிடாக்சல் பாஸ்பேட் வேண்டும். சர்வதேச முறை அதைச் சேர்க்கச் சொல்கிறது, ஆனால் பல கிட்டுகளில் அது இருப்பதில்லை. நீண்ட நாள் குடிப்பவர்களுக்கும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்கும் பி6 குறைவாக இருக்கும். அது இல்லாத கிட்டில் அவர்களுடைய எண் உண்மையைவிடக் குறைந்து வரும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். பாதிக்கப்பட்ட ஈரல் நார்மல் என்று ரிப்போர்ட்டில் வந்துவிடும்.

எல்டிஎச் என்ற இன்னொரு நொதி இன்னும் நுணுக்கமானது. அது பைருவேட், லாக்டேட் என்ற இரண்டு பொருள்களை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றும். பைருவேட்டை லாக்டேட்டாக மாற்றி அளந்தால், எதிர்த்திசையில் அளப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். சீரம் வெளிர் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது. எல்டிஎச், எஸ்ஜிபிடியோடு சேர்த்துப் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி, இரண்டும் பொய்யாக ஏறும். நல்லெண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரலில் இருக்கும் எல்டிஎச்-5 என்ற வகை செயலிழந்து எண் இறங்கும்.

இதயத்துக்குப் பார்க்கும் சிகே-எம்பியிலும் ஒரு சிக்கல் உண்டு. அது சிகே என்ற தசை நொதியின் ஒரு வகை, எம், பி என்ற இரண்டு பகுதிகள் சேர்ந்தது. எம் பகுதியைத் தடுத்துவிட்டு, மிச்சமுள்ள வேகத்தை இரண்டால் பெருக்கும் முறையில், ரத்தத்தில் மேக்ரோ சிகே (வழக்கத்தைவிடப் பெரிய வடிவில் இருக்கும் சிகே) இருந்தால் எம்பி மொத்த சிகேயையே தாண்டிவிடலாம். அதைப் பார்த்து மாரடைப்பு என்று பயந்துவிடாதீர்கள். இப்போது டாக்டர்கள் ட்ரோபோனின் என்ற இதயத்தசைப் புரதத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதை நொதி வேகத்தால் அல்ல, ஆன்டிபாடியால் அளக்கிறோம்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? எண்ணுக்குப் பக்கத்தில் அந்தந்த லேப் போட்டிருக்கும் நார்மல் அளவோடு ஒப்பிடுங்கள். திரும்ப எடுப்பதானால் அதே லேபில் எடுங்கள், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி வேண்டாம். அப்புறம் இரண்டு ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டுங்கள், குடிப்பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.