மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: நான் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுதியில் இருவருக்குள் நடந்த கைகலப்பை போனில் வீடியோ எடுத்து, அறைத்தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாரோ அதை வெளியே பரப்பிவிட்டார்கள். 'பல்கலைக்கழகத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தது' பற்றி ஏழு நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. 'மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிடும்மா, அதோடு முடிந்துவிடும்' என்கிறார் விடுதிக் காப்பாளர். கொடுக்கலாமா?

பதில்: இன்றைக்கே கொடுத்துவிடாதீர்கள். காப்பாளர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் விசாரணைக் குழுக்களில் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'நான் செய்த தவறுகள் அனைத்துக்கும் மன்னிப்புக் கேட்கிறேன், இனி இப்படி நடக்காது' என்ற இரண்டு வரிதான் பல பிள்ளைகளைச் சிக்க வைக்கிறது. எந்தத் தவறு என்று அதில் இல்லை. அதனால் பரப்பியதும் நீங்கள்தான் என்று குழு எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

முதலில் நோட்டீஸை நிதானமாகப் படியுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், என்ன செயல், எந்த விதி என்று இருக்கிறதா? 'நற்பெயருக்குக் களங்கம்' என்பது யாரையும் உள்ளே இழுக்கக்கூடிய சொல். மீறியதாகச் சொல்லும் விதி எண்ணையும், புகாரின் நகலையும், அவர்களிடம் உள்ள ஆதாரங்களையும் எழுத்தில் கேளுங்கள். கெடுவை நீட்டிக்கும்படியும் அதிலேயே கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். பதில் வரவில்லை என்று மட்டும் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.

இப்படிக் கேட்பது திமிர் ஆகாது. 1718இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ரிச்சர்ட் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை, அவர் தரப்பைக் கேட்காமலே பறித்தது. 1723இல் நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆதாமைத் தண்டிக்கும் முன் கடவுளே 'எங்கே இருக்கிறாய், அந்தக் கனியைத் தின்றாயா?' என்று கேட்டாரே என்றார் நீதிபதிகளில் ஒருவர். அந்த வாதம் இன்றைக்கும் நிற்கிறது.

அப்புறம், வீடியோவை அழிக்காதீர்கள், வெட்டாதீர்கள். குழுவில் போட்ட நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழித்தால் மறைக்கப் பார்த்தீர்கள் என்ற சந்தேகம் வரும். இந்த விசாரணைகளில் பெரும்பாலும் குற்ற வழக்கு அளவுக்குச் சந்தேகமற்ற நிரூபணம் தேவைப்படாது. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தே முடிவெடுப்பார்கள். அதனால் சின்ன ஆதாரமும் கனம் பெறும். வீடியோவில் இருக்கும் அந்த இருவரிடமும் இதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

விளக்கத்தை இந்தத் தோரணையில் எழுதுங்கள்: 'இன்ன தேதி இரவு 9 மணியளவில் வீடியோ எடுத்தேன். இத்தனை பேர் உள்ள குழுவில் பகிர்ந்தேன். வீடியோவில் இருக்கும் இருவரின் அனுமதி இல்லாமல் பகிர்ந்தது தவறு, அதற்கு வருந்துகிறேன். வெளியே பரப்பியது நான் அல்ல.' செய்ததை மட்டும், செய்த அளவுக்கு ஒப்புக்கொள்ளுங்கள். சண்டை போட்ட அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அது எவ்வளவு அவமானமாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த வருத்தம் உண்மையாக இருந்தால் கடிதத்தில் தானாகத் தெரியும்.

புகார் கொடுத்தவரே குழுவில் இருந்தால், விசாரணை தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபியுங்கள். எச்சரிக்கையோடு போக வேண்டிய விஷயத்துக்கு இடைநீக்கம் என்று உத்தரவு வந்தால் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கான கெடு சில இடங்களில் மிகக் குறைவு. எத்தனை நாள் என்று விதிப் புத்தகத்தில் இப்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.