வாங்கும் முன்... கேள்வி-பதில்: டிரெட்மில்லா, சைக்கிளா?

கே: வயது 58. முழங்கால் தேய்மானம். வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய டிரெட்மில், எலிப்டிகல், சைக்கிள், எது நல்லது? (வாசகி, கோபி)

ப: சைக்கிள்தானுங்க. உடம்பு பாரத்தை சீட் தாங்கிக்கொள்ளும். இடுப்பு வலியும் இருந்தால், சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் ரெகம்பன்ட் வகையைப் பாருங்கள். நின்றபடியே மிதிக்கும் எலிப்டிகலிலும் பாதம் மிதியை விட்டு எழாது, அதனால் மூட்டில் அடி குறைவு. ஆனால் சின்ன மெஷின்களில் காலை நீட்டவே இடமிருக்காது. எதுவானாலும் கடையில் ஏறிப் பத்து நிமிடம் மிதித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கே: ஆன்லைனில் 4 எச்.பி. டிரெட்மில் 22,000 ரூபாய். கடையில் 2 எச்.பி.க்கு 45,000 சொல்கிறார்கள். 4 எச்.பி.யே வாங்கிவிடலாமா? (வாசகர், பெருந்துறை)

ப: கிணற்று மோட்டாரை இப்படி வாங்குவீர்களா? பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பீக் எச்.பி. மோட்டார் ஒரு கணம் முக்கினால் வரும் உச்சம், அவ்வளவுதான். நீங்கள் ஓடும் அரை மணி நேரமும் தாங்குவது கன்டினியூயஸ் எச்.பி. கணக்குப் போடுங்கள். ஒரு எச்.பி. 746 வாட்ஸ். 4 எச்.பி. என்றால் 2,984 வாட்ஸ், 230 வோல்ட்டில் 13 ஆம்பியர். அந்த மெஷினில் 6 ஆம்பியர் பிளக் இருந்தால் 1,380 வாட்ஸுக்கு மேல் இழுக்கக் கூடாது. அதில் 2 எச்.பி.கூடத் தொடர்ந்து வராது.

2017-இல் நானும் பெட்டியிலிருந்த 3.5-ஐ நம்பித்தான் வாங்கினேன். வீட்டுக்காரர் 88 கிலோ. மூன்றாவது மாதமே, இருபது நிமிடம் ஓடினால் முன்மூடியில் கை வைக்க முடியாத சூடு, வயர் கருகும் வாடை. ஒரு நாள் பெல்ட் சட்டென்று நின்று, அவர் கைப்பிடியில் மோதி உதடு கிழிந்துவிட்டது. மூடியைக் கழற்றினால் மோட்டார் தகட்டில் 1.25 என்று இருக்கிறது! பம்ப் மோட்டார் செய்யும் கோயமுத்தூர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு நேம் பிளேட் பார்க்காமல் வாங்கினோமே என்று இன்றைக்கும் ஆறவில்லை. கன்டினியூயஸ் எச்.பி. எவ்வளவு, எத்தனை கிலோ வரை தாங்கும், இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வந்துவிடுங்கள்.

கே: டிரெட்மில் பெல்ட்டுக்கு சிலிக்கோன் ஆயில் அவசியமா? (பல்லடம்)

ப: பெரும்பாலான மெஷின்களுக்குக் கட்டாயம். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள்.

கே: மூடிய ஜிம்மிலிருந்து பழைய டிரெட்மில் வாங்கினேன். பில் இல்லை. மாடிப்படியில் திரும்ப மாட்டேன் என்கிறது. என்ன செய்ய? (திருப்பூர்)

ப: ஒரு டேப் எடுத்துப் படியை அளக்க எவ்வளவு நேரம் ஆகும்? பில்லும் கேட்கவில்லை, ஓட்டியும் பார்க்கவில்லை. கீழ் வீட்டில் வைக்க இடம் கேளுங்கள்.

கே: ஸ்பின் பைக் வாங்கிப் பத்தே நாளில் பெடல் கிராங்க் ஒடிந்து மகள் விழுந்துவிட்டாள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பில்லைக் காட்டிக் கடைக்காரர் கத்துகிறார். (வாசகி, கரூர்)

ப: பாப்பாவுக்கு அடி பலமில்லையே அம்மணி? அந்த வரிக்குப் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் காலக்கெடு சொல்லாதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிகம். இன்றே கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அப்புறமும் அசையாவிட்டால் கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் போகலாம். ஒடிந்த கிராங்கைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாமல், துணியில் சுற்றிப் பில்லோடு பத்திரமாக வையுங்கள்.